குடத்து நீரும் வாய்க்கால் நீரும்

எங்கள் வீட்டு விறாந்தைக்கு 1958 ஆம் ஆண்டளவிலே ஒரு வால்வு றேடியோப் பெட்டி வந்து சேர்ந்தது. எனக்கு அப்பொழுது வயது ஏழு. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். மோட்டார் வண்டிக்குரிய பற்றறி ஒன்றைப் பெட்டிக்கு அருகே வைத்து, முற்றத்துத் தென்னைக்கும் கிணற்றடிப் பனைக்கும் இடையே கம்பி கட்டி, என் தந்தையார் அதற்கு உயிர் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் அயலவர் ஒருவர் பின் ஒருவராய் வந்து திண்ணையிலும் முற்றத்து மணலிலும் அமர்ந்துவிடுவர். செய்தி கேட்பார் சிலர். நாதஸ்வரம் கேட்பார் சிலர். ஒன்றுங் கேளாது வெற்றிலை மென்றபடி கூட்டத்தோடிருப்பதே இன்பமெனக் கொள்வார் சிலர். பெட்டி ஒன்று; கேட்போர் முப்பது பேர். ஒலி என்பது ஊருக்குப் பொதுவானதொரு சொத்தென்றே நான் எண்ணி வளர்ந்தேன்.

இன்று அதே வீட்டில், அதே விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறேன். இப்பொழுது வீட்டில் ஒலிப்பெட்டிகள் மூன்று உள. கம்பியில்லை, பனைமரமும் இல்லை. ஆயினும் அம்மூன்றும் ஒரே வழியில் இயங்குவன அல்ல. ஒன்று புளூடூத் என்னும் முறையால் பாடுவது. மற்றைய இரண்டும் வீட்டு வலையமைப்பினூடாக, அதாவது வைஃபை வழியாகப் பாடுவன. வெளித்தோற்றத்தில் வேற்றுமை யாதும் தோன்றாது. ‘எல்லாம் கம்பியில்லாப் பாட்டுத்தானே’ என்று நானும் ஒருகால் நினைத்திருந்தேன். அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமையை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலன்று. என் மனைவியின் கட்டிலருகே.

2021 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவவுக்குப் பாரிசவாதம் கண்டது. வலக் கையும் வலக் காலும் சோர்ந்தன. பேச்சு நின்று, பின்னர் மெல்ல மெல்லத் திரும்பியது. எங்களது பழைய நாற்சார் வீடு. நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய பருத்த சுவர்கள். உள்ளறையிலே அவவுக்குக் கட்டில் போட்டோம். படுத்த படுக்கையில் அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தன் தகப்பனாரின் குரல்.

என் மாமனார் கோயிலிற் கந்தபுராணம் படிப்பவர். ஒருவர் இராகத்தோடு செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் அந்தப் படன மரபை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1984 இல் யாரோ ஓர் அன்பர் அதனை மூன்று ஒலிநாடாக்களிற் பதிந்து கொடுத்திருந்தார். மாமனார் மறைந்தார், நாடாக்கள் இடப்பெயர்வுகளிலும் எங்களோடு வந்து மீண்டன. கொரோனா நோயாற் பல்கலைக்கழகம் மூடப்பட்டமையால் மொறட்டுவையிலிருந்து வீடு வந்திருந்த என் பேரன் அவற்றைக் கணினியில் ஏற்றி, என் கைத்தொலைபேசிக்கும் மாற்றித் தந்தான். கொழும்பிலிருந்து மகன் ஒரு சிறு புளூடூத் ஒலிப்பெட்டியை அனுப்பிவைத்தான். செம்பளவே இருக்கும் அப்பெட்டியைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தோம். மாமனாரின் குரல் எழுந்தது. அவவின் இடக் கை போர்வைமேல் தாளம் போடத் தொடங்கியது.

புளூடூத் என்னும் இப்பெயருக்குப் பொருள் ‘நீலப்பல்’ என்பதாம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயர் அது. சிதறிக் கிடந்தோரை ஒன்றாக்கியவன் அவன். அதுபோலச் சாதனங்களை ஒன்றாக்கும் நுட்பம் இது என்று கருதி, ஜிம் கார்டாக் என்னும் பொறியியலாளர் 1997 இல் இப்பெயரை முன்மொழிந்தார். நுட்பமோ அதற்கு முன்பே, 1994 இல், சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்திற் கருக்கொண்டது. 1998 இல் ஐந்து நிறுவனங்கள் கூடி அதனைப் பொதுவிதியாக்க ஒரு சங்கத்தை அமைத்தன.

அதன் செயல்முறை வியப்புக்குரியது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப்பரப்பை 79 சிறு பாதைகளாகப் பிரித்து, செக்கனுக்கு 1,600 தடவை பாதை மாறித் தாவித் தாவிச் செல்கிறது அவ்வொலி. ஒரு பாதையில் இடையூறிருப்பின் மறு கணமே வேறு பாதை. ஓரிடத்தில் நில்லாது தாவுகின்ற இவ்வுபாயத்துக்குப் பழைய முன்னோடி ஒன்றும் உண்டு. ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜோர்ஜ் அந்தேய்ல் என்னும் இசையமைப்பாளரும், எதிரி குழப்பவியலாதபடி நீர்மூழ்கிக் குண்டை வானொலி அலையால் வழிநடத்தும் முறையொன்றிற்கு 1942 இற் காப்புரிமை பெற்றனர். அவர்கள் வகுத்த பாதைகள் 88. பியானோவின் கட்டைகளும் 88. சங்கீதத்துக்கும் இந்நுட்பத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது!

இத்துணைச் சாமர்த்தியம் இருந்தும் அப்பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. அது என் கைத்தொலைபேசி ஒன்றோடு மாத்திரமே பிணைப்புண்டு கிடக்கும். திறந்த வெளியிற் பத்து மீற்றர் தூரம் எட்டும் என்பர். எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அதில் அரைவாசியும் எட்டாது. தொலைபேசியைச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தால், உள்ளறையில் மாமனார் ஒரு சொல்லின் நடுவிலே விக்கி நின்றுவிடுவார். “இஞ்சாருங்கோ, அப்பா நிண்டு போனார்” என்று மெல்லிய குரல் கேட்கும். நான் ஓடி வருவேன், மாமனார் தொடர்வார். இவ்விதம் சில வாரங்கள் சென்றன. இது சிறு தொல்லையே. பெரிது பின்னர் வந்தது.

ஆவணி மாதத்து ஒரு காலைப்பொழுது. நோய்த் தொற்றுக் காலமாதலின் வைத்தியர் தொலைபேசியிலேயே பேசுவது வழக்கம். உள்ளறையிற் படனம் நடந்துகொண்டிருக்கிறது. நான் விறாந்தையில். தொலைபேசி மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன், ஓசை இல்லை. “ஹலோ, ஹலோ” என்றேன், பதில் இல்லை. மறுகணம் உள்ளறையிலிருந்து, மாமனாரின் குரல் ஒலித்த அதே பெட்டியிலிருந்து, வைத்தியரின் குரல் முழங்குவது கேட்டது. என் பேச்சு அவருக்குத் தெளிவாகக் கேளாமையால், தொடர்பு பழுதென்றெண்ணி அவர் உரக்கவே பேசினார். கழுத்தினூடாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு இன்னும் உண்டென்றும், இரண்டாம் முறையும் வரக்கூடுமென்றும், குளிசையை மாற்றவேண்டுமென்றும் சொன்னார். ஈற்றிலே, “இதை இப்ப அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், ஐயா” என்றார்.

தொலைபேசியை எந்தப் பக்கம் அழுத்தினாற் குரல் திரும்பும் என்பதை நான் அறியேன். நடுங்கும் விரலாற் கண்டதையெல்லாம் அழுத்தினேன். அதற்குள் எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது.

உள்ளே சென்றேன். அவ முகட்டைப் பார்த்தபடி கிடந்தா. நான் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். பேச்சு வரவில்லை. அவதான் பேசினா, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினா.

“டொக்டர் நல்ல மனிசன். குரல்தான் கொஞ்சம் பெரிசு.”

சற்று நேரங் கழித்து, “எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? ரா ராவாய் நீங்கள் நித்திரை கொள்ளேல்லை எண்டு எனக்குத் தெரியும்” என்றா. பின்னர், “இனி அப்பாவைப் போடுங்கோ” என்றா.

அன்று மாலை பேரனை அழைத்தேன். “உந்தப் பெட்டி எனக்கு வேண்டாம், தம்பி. எடுத்து எறி” என்றேன். நடந்ததைக் கேட்டு அவன் முகம் வாடியது. தலையைக் குனிந்தபடி நின்றான். பிறகு சொன்னான்:

“அப்பப்பா, பெட்டியிலை பிழை இல்லை. புளூடூத் எண்டா உங்கடை போனும் அந்தப் பெட்டியும் கைகோத்துக்கொண்டு நிக்கிற மாதிரி. நீங்கள் தூரப் போனாக் கை விடுபடும். பாட்டும் அந்தக் கையாலைதான் போகும். கோல் வந்தா அதுவும் அந்தக் கையாலைதான் போகும். பாட்டுக்கு மட்டும் விட்டு, கோலை மறிக்கவும் ஏலும். நான் அதை நிப்பாட்டி வைக்காமல் விட்டது என்ரை பிழை. ஆனா, எங்கடை வீட்டுக்கு வேறை வழிதான் நல்லது.”

அந்த வேறு வழியை அமைக்க அவனுக்கு ஒரு கிழமை எடுத்தது. உள்ளங்கையளவான ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியொன்றை அலுமாரியின் மேல் வைத்தான். மாமனாரின் நாடாக்கள் மூன்றையும், நாங்கள் சேர்த்து வைத்திருந்த இறுவட்டுக்களின் நாதஸ்வரத்தையும் அதனுள் அடக்கினான். முகட்டு வளை வழியே ஒரு கம்பியை இழுத்து, உள்ளறைப் பக்கத்தில் வைஃபை அலையைப் பரப்பும் இரண்டாவது பெட்டியைப் பொருத்தினான். தடித்த சுவருக்கு வைஃபையும் அஞ்சும் என்பதை அவன் அறிவான். உள்ளறைக்கு ஒன்றும் விறாந்தைக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிப்பெட்டிகள் வந்தன.

படனத்திற் செய்யுளை ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்வது போல, பேரன் சொன்னவற்றை என் மொழியிலே பயன் சொல்லிக்கொண்டேன். தோட்டக்காரரின் மகனாகிய எனக்குக் கிணற்றடியை விட்டால் வேறு உவமை வாய்ப்பதில்லை.

புளூடூத் என்பது குடத்தில் நீர் சுமப்பது. சுமப்பவர் கைத்தொலைபேசியார். கிணற்றிலிருந்து அள்ளுவதும் அவரே, கொண்டுபோய் ஊற்றுவதும் அவரே. அவர் அப்பாற் சென்றால் நீரில்லை. குடத்தில் எது விழுந்தாலும், அது பாட்டாயினும் வைத்தியரின் பேச்சாயினும், அதே இடத்திற் போய்ச் சிந்தும்.

வலையமைப்பு என்பது வாய்க்கால். கிணறு அலுமாரியின் மேலிருக்கிறது. நீர் தானாகவே பாத்திக்குப் பாத்தி ஓடுகிறது. இங்கே கைத்தொலைபேசி மடையைத் திறக்கும் மண்வெட்டி மாத்திரமே. ‘இன்ன பதிவை இன்ன அறையிற் பாடு’ என்று கட்டளையிட்டபின் அதனை அணைத்து வைத்தாலும் பாட்டு நில்லாது. ஒலிப்பெட்டி தானே கிணற்றிற் சென்று அள்ளிக்கொள்ளும். தொலைபேசியே பாட்டை வலையமைப்பினூடாக அனுப்பும் வகையும் உண்டு. 2004 இல் ஏர்ரியூன்ஸ் என்னும் பெயரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்டு, 2010 இல் ஏர்ப்பிளே எனப் பெயர் மாற்றிய முறை அத்தகையது. அதிலும் தொலைபேசி அழைப்பு ஒலிப்பெட்டிக்குப் போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுவே.

ஒலியின் தரத்தையும் இங்கே நடுநிலையோடு சொல்லவேண்டும். இறுவட்டில் ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஏறக்குறைய 1,411 கிலோபிற்றாக ஓடுகிறது. புளூடூத் சாதனங்கள் யாவற்றுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்னும் சுருக்கமுறை வழக்கமாக அதனை 328 கிலோபிற்று அளவிற்கு இறுக்கிப் பிழிகிறது. எல்.டி.ஏ.சி. முதலிய பிந்திய முறைகள் 990 வரை செல்லும்; ஆயின் இரு பக்கத்துச் சாதனமும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். வலையமைப்பிலோ ஒன்றும் இழக்காத ஃபிளாக் என்னும் முறையில் முழுவதையும் அனுப்பலாம். வழியில் ஒரு துண்டு தவறினால் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சில செக்கன் அளவு முன்னிருப்பும் வைத்துக்கொள்கிறது. நாதஸ்வரத்தின் அடிநாதத்திலும் தவிலின் வெட்டிலும் இவ்வேற்றுமை தெரிவதாக எனக்குத் தோன்றுவதுண்டு. 1984 ஆம் ஆண்டு நாடாவிற் பதிந்த முதியவர் குரலில் எனக்கு அணுவளவும் தெரியவில்லை. ஆகவே தரத்துக்காக மாத்திரம் குடத்தை வெறுப்பது நியாயமன்று.

விறாந்தையிலும் உள்ளறையிலும் ஒரே வேளையில் ஒரே குரல் கேட்டதுதான் எனக்குப் பெரும் புதுமை. கோயில் திருவிழாவிலே தெருவுக்குத் தெரு கட்டிய ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று எதிரொலித்துச் சொல்லைக் குழப்புவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலி செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் 34 மீற்றர் தூரமே செல்வதால் வருகின்ற குழப்பம் அது. வீட்டுக்குள் தூரம் குறைவாயினும், பெட்டிகளின் காலக்கணக்குப் பிசகினால் அதே குழப்பம் நேரும். அதனைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு பெட்டியும் தன் கடிகாரத்தைத் தலைமைக் கணினியின் கடிகாரத்தோடு ஓயாது சரிபார்த்து, குறித்த கணத்திலே குறித்த ஒலியை விடுகிறதாம். முற்றத்தின் நடுவே நின்று கேட்டேன். மாமனார் இரு பக்கத்திலும் ஒரே மூச்சிலே படித்தார்.

இவ்வளவில் வாய்க்காலின் புகழைப் பாடி நான் முடித்திருப்பேன். ஆனால் 2022 ஆம் ஆண்டு பிறந்தது.

அவ்வாண்டு இலங்கை பட்ட பாட்டை வாசகர் அறிவர். எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, பங்குனி மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. மின்சாரம் நின்றதும் அலுமாரியின் மேலிருந்த கணினி அணைந்தது, வைஃபை அணைந்தது, ஒலிப்பெட்டி இரண்டும் ஊமையாயின. இணையம் இல்லாமலும் இயங்குமாறுதான் பேரன் அமைத்திருந்தான். ஆயின் மின்சாரம் இல்லாமல் இயங்குமாறு அமைக்கவில்லை. பம்பு நின்றால் வாய்க்கால் வறள்வது இயல்பே.

அன்றிரவு இருளிலே அவ கேட்டா: “அந்தச் சின்னப் பெட்டியை எறிஞ்சு போட்டியளோ?”

எறியவில்லை. நான் எறியச் சொல்லியும் பேரன் அதனை மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருந்தான். அதற்குள் தனக்கென ஒரு பற்றறி உண்டு. நிறைத்து வைத்தால் ஓர் இரவுக்குப் போதும். பேரன் மறித்து வைத்தபடி பாட்டு மாத்திரமே அதற்குப் போகும், அழைப்புப் போகாது. அறையிற் புழுக்கம் தாங்கவொண்ணாமையால் அவவின் கட்டிலைத் தூக்கி முற்றத்து ஓரத்தில் வைத்தோம். தலைமாட்டிற் சிறு பெட்டி. என் மடியில் தொலைபேசி. குரல் எழுந்தது.

முதல் நாள் அடுத்த வீட்டு ஆச்சி வந்தா. மறுநாள் அவவின் மருமகளும் பிள்ளைகளும் வந்தனர். அக்கிழமை முடிவதற்குள் பதினைந்து பேருக்குக் குறையாமல் மணலிலும் திண்ணையிலும் அமர்ந்துவிட்டனர். எவர் வீட்டிலும் வெளிச்சமில்லை. ஆச்சி பழக்கப்பட்டவ, ஒவ்வொரு செய்யுளுக்கும் தானே பயன் சொல்லத் தொடங்கினா. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே நித்திரையாயினர். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பனைமரக் கம்பியின் கீழ் நான் கண்ட அதே சபை. ஒருவரது தொலைபேசிக்கும் ஒரே பெட்டிக்கும் உள்ள தனிப் பிணைப்பென்று நான் குறைகூறிய அந்தச் சாதனமே அன்று ஊரைக் கூட்டியது.

எனவே இவ்விரண்டில் எது சிறந்ததென்று கேட்பார்க்கு நான் சொல்லும் விடை இது. நிலையான வீடு, பல அறைகள், நெடுநேரம் கேட்கும் பழக்கம், நம்பத்தக்க மின்சாரம் ஆகியவை இருந்தால் வலையமைப்பே நன்று. அமைக்கத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருப்பதும் வேண்டும். பிரயாணம், முற்றம், மின்வெட்டு, வந்த விருந்தினரின் பாட்டொன்றை உடனே கேட்கும் அவசரம் என்றால் புளூடூத்தே நன்று. புளூடூத்தும் நின்ற இடத்தில் நில்லாது வளர்கிறது. ஓராகாஸ்ற் என்னும் பெயரில் 2022 இல் அறிவிக்கப்பட்ட முறையால், ஒரு சாதனம் பரப்பும் ஒலியை அருகிலுள்ள பலரும், காது கேட்கும் கருவி அணிந்த முதியோர் உட்பட, ஒருங்கே கேட்கவியலும். குடம் சுமந்தவனும் வாய்க்கால் வெட்டப் பழகுகிறான் போலும்.

பின்னர் பேரன் 12 வோல்ற்றுச் சிறு பற்றறி ஒன்றை வைஃபைப் பெட்டிக்குப் பொருத்திவிட்டான். இப்பொழுது வாய்க்காலும் ஓடுகிறது. குடமும் இழுப்பறையில் நிறைந்தே இருக்கிறது.

இவ்வளவும் யந்திரங்களைப் பற்றியது. யந்திரம் திருத்தித் தராத ஒன்றை நாங்களே திருத்திக்கொண்டோம். புதிய ஏற்பாட்டின்படி வைத்தியரின் குரல் இனி ஒருபோதும் உள்ளறைக்குப் போகாது. நான் விரும்பினால் எதனையும் மறைக்கலாம். அந்த வசதி கைக்கு வந்த பின்னரே அது எனக்கு வேண்டாததொன்றென்று விளங்கியது. அந்த ஆவணி மாதத்துக் காலையின் பின், இருவரும் தனித்தனியே பயந்துகொண்டு ஒரே கூரையின் கீழ்க் கிடந்த நிலை ஒழிந்தது. அவவுக்குத் தெரியாதென்று நான் நடிக்கவில்லை. தெரியாததுபோல அவவும் நடிக்கவில்லை. இரவிலே நானும் நித்திரை கொள்ளத் தொடங்கினேன்.

இன்று காலையும் படனம் நடக்கிறது. இரண்டாம் நாடாவின் முற்பகுதி. மாமனார் ஓரிடத்தில் இருமுவார், பின் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்வார். அவ்விடம் வரும்போது அவ எப்பொழுதும் புன்னகை செய்வா. என் மடியிலே தொலைபேசி மணி அடிக்கிறது. வைத்தியரின் இலக்கம். உள்ளறையிற் குரல் தடையின்றி ஒலித்துக்கொண்டிருக்கிறது.

எழுதுவதை நிறுத்திவிட்டு எழுகிறேன். உள்ளே சென்று, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, அவவின் கையைப் பிடித்தபடிதான் அதனை எடுக்க வேண்டும்.